பிளஸ் டூ சான்றிதழும் ஜெர்மனிப் படிப்பும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாட்களில் ‘ஜெர்மனியில் இலவசப் பட்டப்படிப்பு’ என்ற விளம்பரங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. அங்குள்ள பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். (பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது.) ஆனால் நம் மேல்நிலைச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நேரடியாக இளநிலைப் படிப்பில் சேர முடியாது. விளம்பரங்கள் மறைக்கும் இந்த ஒரு விஷயத்தால் பல குடும்பங்கள் ஓராண்டையும் சில லட்சங்களையும் இழக்கின்றன.

எந்த நாட்டுப் பள்ளிச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்பதை ‘அனாபின்’ என்ற தரவுத்தளத்தில் ஜெர்மனி வெளியிட்டிருக்கிறது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். இறுதி முடிவு பல்கலைக்கழகத்தின் கையில். இந்தியப் பன்னிரண்டாம் வகுப்புக்கு அங்கே முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. ஐஐடி சேர்க்கைக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் தகுதி பெற்றவர்கள் பொறியியல், இயற்கை அறிவியல் படிப்புகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஜேஇஇ மெயின் இதற்கு உதவாது. இங்கேயே அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டு இளநிலைப் படிப்பை வெற்றிகரமாக முடித்தவர்கள் அதே துறைக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர்கள் ‘ஷ்டூடியன்கொலெக்’ எனப்படும் ஆயத்தக் கல்லூரியில் இரண்டு பருவங்கள் படித்து, அதன் இறுதித் தேர்வில் தேற வேண்டும்.

தமிழக மாணவர்களுக்கு இரண்டாவது வழிதான் பெரும்பாலும் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. பொறியியல் நுழைவுத் தேர்வு 2007-இலேயே இங்கு கைவிடப்பட்டுவிட்டது. கலந்தாய்வில் எவ்வளவு நல்ல கல்லூரி கிடைத்தாலும் அந்த இடத்தை ஜேஇஇ அட்வான்ஸ்டுக்கு ஈடாக ஜெர்மனி எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதே கல்லூரியில் முதலாண்டை முடித்துவிட்டால் நிலைமை மாறுகிறது. முடிப்பது என்றால் முதலாண்டுப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேர்ச்சி. ஒரு அரியர் நின்றாலும் ‘ஆண்டு முடிந்தது’ என்ற நிபந்தனை ஆட்டம் காணும். துறையும் மாறக் கூடாது. பி.காம். முதலாண்டை வைத்துக்கொண்டு இயந்திரப் பொறியியல் கேட்க முடியாது.

ஆயத்தக் கல்லூரிக்குப் போகிறவர்கள் பிரிவைக் கவனிக்க வேண்டும். தொழில்நுட்பத்துக்கு ‘டி’, மருத்துவம், உயிரியலுக்கு ‘எம்’, பொருளாதாரம், வணிகத்துக்கு ‘வே’. சேருவதற்கே நுழைவுத் தேர்வு உண்டு, அதுவும் ஜெர்மன் மொழியில். மொழித் திறனில் இடைநிலையான பி1 இருந்தால் கதவைத் தட்டலாம் என்பார்கள். இன்று பல இடங்களில் அதற்கு அடுத்த நிலையான பி2 கேட்கிறார்கள். இந்த மூன்று பிரிவுகளுக்கும் பெரும்பாலும் கணிதத் தேர்வும் இருக்கும். கணிதம் இல்லாத வணிகவியல் குரூப்பில் படித்தவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பதினைந்து வயதில், பிளஸ் ஒன் குரூப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே முடிவாகிவிடும் விஷயம் இது. அப்போது யாரும் சொல்வதில்லை. அரசு ஆயத்தக் கல்லூரிகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, இடங்கள் குறைவு. தனியார் நடத்துபவற்றில் கட்டணம் உண்டு. எதில் சேர்ந்தாலும் விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதம் குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ காட்டியாக வேண்டும். அந்த ஆயத்த ஆண்டு பட்டப்படிப்புக் காலத்தில் சேராது என்பதால் செலவுக் கணக்கில் முழுதாக ஓர் ஆண்டு கூடும்.

அடுத்து மதிப்பெண். கட்-ஆஃப் பழக்கத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தமிழையும் ஆங்கிலத்தையும் விட்டுவிடுகிறோம். ஜெர்மனியில் 200-க்கான கட்-ஆஃப் செல்லாது. 600-க்கான மொத்தம்தான் கணக்கு. அதிகபட்ச மதிப்பெண்ணில் வாங்கியதைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுவார்கள். 480 வாங்கியவருக்கு 120-ஐ 390-ஆல் வகுத்து, பெருக்கிக் கூட்டினால் 1.92. அங்கே 1 தான் மிக உயர்ந்த தரம், 4 கடைசித் தேர்ச்சி. இணையக் கணிப்பானில் தேர்ச்சி மதிப்பெண்ணை நமது 35 விழுக்காட்டுக்குப் பதில் 50 என்று போட்டால் இதே மாணவருக்கு 2.2 வரும். போட்டி மிகுந்த படிப்புகளில் இந்த வித்தியாசம் பெரியது. தவறான எண்ணைப் பார்த்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

சான்றிதழ் உண்மையானதா என்ற சரிபார்ப்பு தனி வேலை. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன், ஜெர்மன் தூதரகத்தின் கல்விச் சான்று சரிபார்ப்பு மையம் தரும் ஏபிஎஸ் சான்று பெற வேண்டும். கட்டணம் 18,000 ரூபாய். இதற்கு அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் காட்டுவதற்காக ஆவணத்தில் நம் அரசு இடும் சான்று முத்திரை) தேவை என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களிடம் ஏமாற வேண்டாம். அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தபோதே ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அந்த முத்திரை செல்லும் நாடுகளில்கூட, கையெழுத்து உண்மை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

நமக்கே உரிய சிக்கல் ஒன்று: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ‘கார்த்திக் எஸ்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் சுப்பிரமணியன்’, பத்தாம் வகுப்புச் சான்றில் ‘எஸ்.கார்த்திக்’ என்று இருந்தால், தமிழ்நாட்டுப் பெயர் வழக்கம் தெரியாத அதிகாரிக்கு அவர்கள் மூன்று பேர். விண்ணப்பித்தபின் பிரமாணப் பத்திரம் தேடி அலைவதைவிட, பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் (தேர்வு எழுதுவோர் பெயர்ப் பட்டியல்) தயாராகும்போதே பெற்றோர் பெயரையும் இனிஷியலையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பது நல்லது. பிழை வந்துவிட்டால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு உடனே விண்ணப்பிக்க வேண்டும். துணைத் தேர்வு எழுதித் தேறியவர்கள் எல்லாப் பட்டியல்களையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கடைசித் தாளை மட்டும் அனுப்பினால் மற்றதைக் கேட்டுக் கடிதம் வரும், கடைசித் தேதி போய்விடும்.

‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழிகாட்டல் வகுப்புகளில் இந்தத் தகவல்களைச் சேர்க்குமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது சொன்னால் பாதிப் பேருக்குப் பயன்படாது. பத்தாம் வகுப்பிலேயே, குரூப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் சிலர்