வேட்டைச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்: அந்த விலங்கு ஒழிய வேண்டுமா, இருக்க வேண்டுமா?

வேட்டைச் சங்கங்களை நடத்துபவர்களுக்கும், உரிமம் வாங்கிக் காட்டுக்குப் போகும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் வேட்டைக்கு எதிரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வசூலாகும் வரி, காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் கொடுத்த பணம் அது. ஆனால் வேறு நாடுகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட விலங்குகள் என்று வந்தால் மட்டும் உங்கள் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அரசு ஹெலிகாப்டரில் ஆள் அனுப்பிச் சுடப்போகிறது என்றால் "எங்களிடம் விடுங்கள், நாங்களே கட்டுப்படுத்துகிறோம்" என்கிறீர்கள். அடுத்த பருவத்தில் எண்ணிக்கை குறைந்தால் "சுடுவதற்கு ஒன்றுமே இல்லை" என்று புகார் சொல்வதும் நீங்கள்தான்.

அமெரிக்காவில் வெளியிலிருந்து வந்து பெருகிய காட்டுப்பன்றியையே எடுத்துக்கொள்வோம். தாயும் மகள்களும் குட்டிகளுமாகக் கூட்டமாகத் திரியும் விலங்கு அது. பெண் குட்டி ஒரு வயது நிறைவதற்குள்ளேயே ஈனத் தயாராகிவிடும். ஒவ்வொரு ஆண்டும் பத்தில் ஏழு பன்றிகளையாவது எடுத்தால்தான் எண்ணிக்கை ஏறாமல் நிற்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதனால்தான் பன்றிகளை ஒழிக்கும் வேலையில் இருப்பவர்கள் பெரிய வளையக் கூண்டு போடுகிறார்கள். கதவைத் திறந்தே வைத்து, நாள் கணக்கில் மக்காச்சோளம் கொட்டி, கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கூச்சப்பட்டு வெளியிலேயே நிற்கிற கிழட்டுப் பெண் பன்றியும் உள்ளே வந்த பிறகுதான் கைபேசியிலிருந்து கதவை விழ வைப்பார்கள். மொத்தக் கூட்டமும் ஒரே இரவில் முடிந்துவிடும். இதற்கு நடுவில் உங்களில் ஒருவர் ஆசைப்பட்டு ஒரே ஒரு ஆண் பன்றியைச் சுட்டுவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்: மிச்சமெல்லாம் சிதறி ஓடும், பகலில் வெளியே வருவதை நிறுத்திவிடும், சோளம் கிடந்தாலும் கிட்டே வராது, அத்தனை நாள் உழைப்பும் வீண்.

டென்னசி மாநிலத்தில் 1999-இல் பன்றி வேட்டையை மாநிலம் முழுக்கத் திறந்துவிட்டார்கள், வரம்பே இல்லாமல், எவ்வளவு வேண்டுமானாலும் சுடலாம் என்று. எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த ஆண்டுகளில்தான் பன்றி அங்கே அதிகமாகப் பரவியது. அதற்கு முன் பன்றியே இல்லாத இடங்களில்கூட முளைத்தது, ஏனென்றால் பக்கத்திலேயே வேட்டை வேண்டும் என்று நினைத்த சிலர் திருட்டுத்தனமாக வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார்கள். 2011-இல் அந்த விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. கான்சஸ் மாநிலம் அதற்கு முன்பே, 2006-இல், பொழுதுபோக்குப் பன்றி வேட்டைக்குத் தடை போட்டுவிட்டது. சுட ஆள் வரும் என்றால் விட ஆளும் வரும், அந்த ஆசையையே கிள்ளிவிட வேண்டும் என்ற கணக்கு அது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

வேட்டைக்காக விலங்குகளைக் கொண்டுவந்து விடுவது புதிய பழக்கமும் இல்லை. 1859-இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் தன் நிலத்தில் முயல்களை விட்டது வேட்டையாடத்தான், அவை பெருகிப் பரவியதற்கு அந்தக் கண்டம் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும். 1912-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஹூப்பர் பால்ட் மலையில் ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை இறக்கியதும் வேட்டைக்குத்தான்.

நியூசிலாந்து விஷயம் இதைவிடச் சங்கடமானது. 1904-இல் அங்கே கொண்டுபோய் விடப்பட்ட இமயமலை வரையாடு, தன் சொந்த மலைகளில் குறைந்துகொண்டு வரும் விலங்கு. அழகான விலங்கு, ஆணின் பிடரி மயிரைப் பார்த்தால் யாருக்குமே ஆசை வரும். அங்கேயாவது பிழைத்திருக்கட்டுமே என்று நீங்கள் சொல்லும்போது அதை அலட்சியமாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வௌவாலைத் தவிர வேறு தரைவாழ் பாலூட்டியே இயற்கையாக இல்லாத நாடு அது, குளம்புள்ள எதுவும் தின்றும் மிதித்தும் பழகாத செடிகள் அந்த மலை உச்சிகளில் இருப்பவை. அரசின் 1993 கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பத்தாயிரம் வரையாடுகள்தான் உச்சவரம்பு என்று வைத்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்தபோது அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. அப்போதும் 2020-இல் வேட்டைக்காரர்கள் தரப்பு, அரசு சுடுவதை நிறுத்தச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போனது. உங்கள் கையில் விட்டிருந்த காலத்தில் அந்தப் பெண் ஆடுகளை யார் குறைத்திருக்க வேண்டும்? கொம்புக்காகவும் பிடரிக்காகவும் கிடாவைச் சுட்டால் மந்தை குறையாதே, ஒரு கிடா மிஞ்சினாலும் போதும், அடுத்த ஆண்டுக் குட்டிகள் பிறந்துவிடும்.

விலங்கு ஒழிந்தால் வேட்டையும் போய்விடும் என்பதுதான் அடிப்படைச் சிக்கல் என்று நினைக்கிறேன், அதை ஒத்துக்கொண்டு பேசினால் வழியும் இருக்கிறது. இங்கிலாந்தில் ரோமத்துக்காகக் கொண்டுவந்து, பண்ணையிலிருந்து தப்பிப் பெருகிய கொய்ப்பு என்ற பெரிய கொறிவிலங்கைப் பிடிக்க 1981-இல் ஆட்களை வைத்தார்கள். கடைசி விலங்கைப் பிடித்தால் வேலையும் போய்விடும், பிறகு யார் பிடிப்பார்கள்? அதனால், குறித்த பத்தாண்டுக் கெடுவுக்குள் முடித்தால் பல ஆண்டுச் சம்பளத்துக்கு ஈடான ஊக்கத்தொகை, தாமதமானால் அது குறையும் என்று வைத்தார்கள். 1989-இல் முடித்துவிட்டார்கள்.

உங்கள் சங்கங்களும் இப்படி ஒரு ஏற்பாட்டை அரசிடம் கேட்கலாம். அதோடு அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவாருங்கள். கூண்டு வைத்திருக்கும் நிலத்தில் உறுப்பினர் யாரும் துப்பாக்கி தூக்கக்கூடாது. அப்புறம், எந்த விலங்கையும் வண்டியில் ஏற்றிப் புது இடத்தில் கொண்டுபோய் விட்டதாகத் தெரிந்தால் அவரைச் சங்கத்தை விட்டு நீக்குவதோடு, பெயரையும் அதிகாரிகளிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் யாரென்று பெரும்பாலும் உங்களுக்குத்தான் முதலில் தெரியவரும்.