மார்க் சாட்சி

ஆசிரியருக்கு,

பிளஸ் டூ மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. பல திருச்சபைகளில் அது இன்னும் நிற்கவில்லை. ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிறு, 600-க்கு 580 வாங்கிய பிள்ளைக்குப் பொன்னாடை, கேடயம், கைதட்டல். அதே பெஞ்சில் 380 வாங்கிய பிள்ளை குனிந்தபடி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும். பிறகு அந்தப் பிள்ளைக்கே வாலிபர் கூட்டத்தில் 'ஒப்பிடாதே' என்று பிரசங்கம்!

'சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்' என்று பெண்கள் ஊரறியப் பாடிய பிறகுதான் சவுல் ராஜாவுக்குக் காய்மகாரம், அதாவது பொறாமை, வந்தது (வேதாகமம், 1 சாமுவேல் 18). ஆயிரம் ஒன்றும் தோல்வியல்ல. மத்தேயு 25-ல், வேலைக்காரரிடம் தாலந்து என்னும் பெரும் பணத்தை ஒப்படைத்த உவமையின் எஜமான் அப்படிப் பாடவில்லை. ஐந்து தாலந்தைப் பத்தாக்கியவனுக்கு 21-ம் வசனத்தில் சொன்னதையும், இரண்டை நான்காக்கியவனுக்கு 23-ம் வசனத்தில் சொன்னதையும் சேர்த்து வாசியுங்கள். பாராட்டு ஒன்றேதான்.

வீட்டில் இரவு ஜெபத்தோடு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். அன்று யாரைப் பார்த்து மனம் குமைந்தது, அவரிடம் இருக்கும் எது வேண்டியிருந்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: மார்க்கா, அந்த காலேஜா, அவள் அப்பா வாங்கித் தந்த ஸ்கூட்டரா? 'பொறாமையை எடுத்துப்போடும்' என்று பொத்தாம்பொதுவாக ஜெபித்தால் ஒன்றும் அசையாது. பெரியவர்கள் முதலில் தங்களுடையதைச் சொன்னால்தான் பிள்ளை வாய் திறக்கும். அடுத்து, அந்த ஆளின் பெயரைச் சொல்லியே ஆசீர்வாதம் கேட்பது. முதல் சில நாள் உதடு மட்டும்தான் அசையும். 'இது வேஷம்' என்று அங்கேயே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். விடக்கூடாது.

ஸ்தோத்திரம் சொல்வதிலும் ஒரு வழுக்கல் உண்டு. 'எதிர்வீட்டுப் பையன் மாதிரி நீ ஃபெயிலாகலையே, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லு' என்பது லூக்கா 18-ல் பரிசேயன், 'மற்றவர்களைப் போல நான் இல்லையே' என்று பண்ணிய ஜெபம். ஸ்தோத்திரத்துக்குள் அடுத்தவர் பெயர் வந்தாலே அது ஒப்பீடுதான்.

கலாத்தியர் 6:4 அவனவன் தன் கிரியையைச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. நேற்று வராத எந்தக் கணக்கு இன்று வந்தது என்று பிள்ளை நோட்டில் ஒரு வரி எழுதட்டும். அந்த நோட்டை அண்ணன் நோட்டோடு வைத்துப் பார்த்தீர்களோ, போச்சு.

ஆயர்களுக்கும் கமிட்டியாருக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வு எழுதிய எல்லாப் பிள்ளைகளையும் அகர வரிசையில், மார்க் வாசிக்காமல், முன்னே அழைத்து ஜெபியுங்கள். கேடயத்துக்கு ஆகும் பணத்தில், துணைத்தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆலய வளாகத்திலேயே மாலை டியூஷன் வைக்கலாம். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்களே தருவார்கள். ஞாயிறு அறிவிப்பில் கடைசி தேதியை முதலில் வாசித்துவிடுங்கள்.

– ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்கள்,
பாளையங்கோட்டை