திண்ணையை இடிக்கவில்லை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டு வேலையில் மாட்டிக்கொண்டேன், அதனால்தான் தாமதம். உன் பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம்.

போன மழையில் எங்கள் வீட்டு முன்பக்கத்து ஓடு சரிந்து, திண்ணையின் ஒரு மூலை உடைந்துவிட்டது. "இதோடு இடித்துவிட்டால் கார் நிறுத்த இடம் கிடைக்கும்" என்றான் பையன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு மனசு வரவில்லை. ஒரு மத்தியானம் அவனைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரியை நடந்தே சுற்றினேன்.

முதலில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி. மஞ்சள் சுவர், காகிதப்பூ, உயரமான வாசல் கதவு. அழகுதான். ஆனால் அந்த வீடுகள் மதிலுக்கு உள்ளே தோட்டத்தைப் பார்த்து இருக்கின்றன. வெளியே நடப்பவனுக்கு மிஞ்சுவது நீளமான சுவர். உச்சி வெயிலில் அதன் ஓரத்தில் ஒரு சாண் நிழல்கூட இல்லை. படம் எடுக்க வந்தவர்கள் எடுத்துவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார்கள்.

அப்புறம் வாய்க்காலைத் தாண்டி வைசியாள் வீதிக்கு வந்தோம். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, உர்பினோ, வில்நெவ்-சுர்-லோ என்ற இரண்டு ஐரோப்பிய நகரங்களும் சேர, பழைய கட்டடங்களைக் காக்கிற இன்டாக் அமைப்பு வீட்டு முகப்புகளைச் சீர்செய்த தெரு அது. கீழே திண்ணையும் மரத்தூணும், மாடியில் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னல். வீட்டுக்காரர் உட்காரத் திண்ணை, அதற்கு முன்னால் தெருவோடு போகிறவர் வெயில் படாமல் நடக்கத் தாழ்வாரம். அந்தக் காலத்தில் ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடியும் இடத்தில் அடுத்த வீட்டுடையது தொடங்கும். நடுவில் ஒருவர் இடித்துவிட்டால் போதும், நடப்பவன் வெயிலில் இறங்கி, மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே போய் மறுபடி ஏற வேண்டும். இன்று அப்படி அறுந்த இடங்கள்தான் ஊரில் அதிகம். அதைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ஒரு வீட்டு வாசலில் கீரைக்கார அம்மா கூடையை இறக்கி, சும்மாட்டை உதறித் திண்ணையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டார். அவர் கை பட்ட உயரத்தில் மரம் எண்ணெய் தடவினாற்போல மழமழவென்று இருந்தது. எத்தனை பேர் பிடித்து எழுந்திருப்பார்கள்! உள்ளே இருந்து யாரும் வந்து "ஏன் உட்கார்ந்தாய்" என்று கேட்கவில்லை. நம் ஊரில் வாசலுக்கு வாசல் நிற்கிற காவலாளியையும் இரும்புக் கேட்டையும் நினைத்துக்கொண்டேன். பையன் அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றான். கார் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

சரி, திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார். சிவப்பு சிமெண்ட் பூச்சுதான் போடப்போகிறோம். நாம் பரீட்சைக்குப் படித்த உங்கள் வீட்டுத் திண்ணையில், தலை வைத்துப் படுக்க ஒரு ஓரத்தில் சரிவாக மேடு கட்டியிருப்பார்களே, அதே மாதிரி ஒன்று வேண்டும். அது எத்தனை விரற்கடை உயரம், திண்ணை தரையிலிருந்து எவ்வளவு என்று உன் அண்ணனிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் செய்.

அன்புடன்,
உன் நண்பன்