ஈறின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'மருத்துவரிடம் பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும்' என்ற பேச்சு மும்பைத் தமிழர் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. செம்பூரில் 40 ஆண்டுகளாக வசிக்கும் நானும் அதை நம்பி, பல் துலக்கும்போதெல்லாம் ரத்தம் வந்ததை உடல் சூடு என்று சொல்லிக்கொண்டு, பற்பசையை மட்டும் மாற்றி மாற்றி இரண்டு ஆண்டுகளைக் கழித்தேன்.

பிறகு துணிந்து ஒரு தனியார் பல் மருத்துவரிடம் சென்றேன். அரை மணி நேரத்தில் ஸ்கேலிங், அதாவது பல்லில் இறுகிய அழுக்கைச் சுரண்டி எடுப்பது, முடிந்து பல் பளிச்சென்று ஆயிற்று, ஆனால் ரத்தம் நிற்கவில்லை. மும்பை சென்ட்ரலில் மாநகராட்சி நடத்தும் நாயர் பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றபோதுதான், மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே மெதுவாக இறக்கி ஆழம் பார்த்தார்கள். 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் கவலையில்லை. எனக்குக் கீழ்க் கடைவாய்ப் பற்களில் 6 இருந்தது.

பல்லில் படியும் அழுக்கு எச்சிலில் உள்ள தாதுக்களால் இறுகிக் காரையாகிறது. அது ஈறுக்குக் கீழே வேர்வரை இறங்கிவிட்டால், வெளியே தெரியும் காரையை மட்டும் எடுப்பதால் பயனில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு முறைக்கு வாயின் ஒரு பக்கமாக, வேரில் ஒட்டிய காரையைச் சுரண்டி எடுத்து வழவழப்பாக்குவதே ஆழமான சுத்தம். எனக்கு இரண்டு முறை வரச்சொன்னார்கள். சில நாட்கள் குளிர்ந்த நீர் பட்டால் கூசியது, அவ்வளவுதான்.

பல் ஆடுமே என்ற அச்சத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. தாடை எலும்பு கரைந்து ஏற்கெனவே தளர்ந்துவிட்ட பற்களைக் காரையே சிமெண்டுபோல் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, வீங்கிய ஈறு வற்றியதும் இடைவெளி தெரிகிறது. பழி சுத்தம் செய்தவர் மீது விழுகிறது. கரைந்த எலும்பு இந்தச் சிகிச்சையால் பழையபடி வளர்ந்துவிடாது. மேலும் கரையாமல் தடுப்பதே நோக்கம். என்னைப்போல் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைந்து முற்றும். ஈறின் அழற்சி சர்க்கரையையும் கட்டுப்பட விடாது. புகைபிடிப்பவர்களுக்கோ ரத்தம் அதிகம் வராமலேயே நோய் முற்றுவதுண்டு.

எட்டு வாரம் கழித்து மீண்டும் அளந்தபோது பல இடங்களில் 6 என்பது 4 ஆகியிருந்தது. ஒரு கடைவாய்ப் பல்லருகே மட்டும் குறையவில்லை. அங்கே ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம் என்றார்கள்.

எல்லோருக்கும் இந்தச் சிகிச்சை வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வேண்டாதவர்களுக்குச் செய்வது வீண் செலவு, வேண்டியவர்களுக்கு மேலோட்டமாகச் செய்து அனுப்புவது அதைவிடக் கெடுதல். எனவே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை நோயாளியின் கையில் எழுதிக் கொடுப்பதைப் பல் மருத்துவர்கள் வழக்கமாக்க வேண்டும் என்றும், அந்த எண்களுக்குப் பொருள் என்ன என்பதைத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் ஒருமுறை விளக்கமாக வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செம்பூர், மும்பை.