சமூக உளவியல் படிக்க விரும்புவோருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கத்தில் உளவியல் படிப்புகள் குறித்து வந்த கட்டுரை, சமூக உளவியலை ஒரே வரியில் குறிப்பிட்டு, அதைப் படித்தவர்கள் மனநல ஆலோசகர் ஆகலாம் என்று முடித்துக்கொண்டது. அத்துறையில் முதுகலை முடித்து, பதினான்கு ஆண்டுகளாகச் சுகாதாரத் திட்டங்களுக்கான கள ஆய்வில் வேலை பார்ப்பவள் நான். அந்த வரியை நம்பி ஒரு மாணவி விண்ணப்பம் போட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

சிகிச்சை அளிக்கும் மருத்துவ உளவியலாளராக விரும்புபவர்கள் இந்திய மறுவாழ்வு மன்றம் அங்கீகரித்த பயிற்சியை முடித்து, அதில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சமூக உளவியல் பட்டம் மட்டும் அதற்குப் போதாது. பிறர் அருகில் இருக்கும்போது, அல்லது இருப்பதாக நினைக்கும்போது, ஒருவருடைய எண்ணமும் பேச்சும் எப்படி மாறுகின்றன என்பதே இத்துறையின் கேள்வி.

தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கழிப்பறைப் பயன்பாடு பற்றிக் கணக்கெடுத்தோம். திண்ணையில் மாமியார் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருக்க, மருமகள், “எல்லாரும் அதுலதாங்க போறோம்” என்றார். நானும் ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டேன். அரை மணி நேரம் கழித்துத் தெருக்குழாயடியில், குடத்தை இடுப்பில் ஏற்றியபடி அதே பெண், “அதுல வெறகு அடுக்கி வெச்சிருக்கோம்க்கா, அத்தை முன்னாடி எப்படிச் சொல்றது?” என்றார். கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சோதனையொன்றை 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்தினார். உடனிருந்தவர்கள் வேண்டுமென்றே தவறான விடை சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அப்படியே அமைந்தது என்பதை வகுப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். எனக்கு அது விளங்கியது அந்தக் குழாயடியில்தான்.

இதை அயல்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்களும் உண்டு. 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்று பரவிய வதந்திகளை இந்திய உளவியலாளர் ஜமுனா பிரசாத் ஆராய்ந்து எழுதினார். அதிர்வை உணர்ந்தும் சேதம் காணாத மக்களிடையே அவ்வதந்திகள் ஏன் பரவின என்ற புதிரே, அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரின் புகழ்பெற்ற அறிதல் முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு ஒரு தூண்டுதலாயிற்று. மனத்தில் உள்ள எண்ணங்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது எழும் சங்கடத்தைக் குறைக்க மனிதர் முயல்வர் என்பதே அக்கோட்பாடு. 2018 மே மாதம் குழந்தைக் கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் திருவண்ணாமலை மாவட்டத்தில் அடித்துக் கொல்லப்பட்டதை நினைத்தால், இப்படிப்புக்கு நம் ஊரில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது புரியும்.

வேலை என்றால், அரசுத் திட்டங்களின் பயனை மதிப்பிடுதல், சுகாதார விழிப்புணர்வு, சந்தை ஆய்வு, நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, செயலிகளைப் பயன்படுத்துவோரைக் கவனித்து ஆராயும் பணி ஆகியவை. நெட் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் வழியுண்டு. தொடக்கத்தில் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான் கிடைக்கும் என்பதைப் பெற்றோர்களிடம் மறைக்கக் கூடாது. புள்ளியியலுக்குப் பயந்து உளவியலுக்கு வருபவர்களையும் எச்சரிக்க வேண்டும். 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தபோது, பாதிக்கும் குறைவானவற்றிலேயே பழைய முடிவு கிடைத்தது. எண்களைச் சோதிக்கத் தெரியாதவர் இத்துறையில் நிலைக்க முடியாது.

எந்தக் கல்லூரிகளில் புள்ளியியலும் களப்பணியும் கட்டாயப் பாடங்களாக உள்ளன என்று விசாரித்து, அடுத்த சேர்க்கைக் காலத்துக்குள் தங்கள் இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கள ஆய்வாளர் ஒருவர்,
சேலம்.