நாய்க்குட்டி உணவுச் சுவையூட்டியில் வெங்காயத் தூள்: புகார் கடிதம்

அனுப்புநர்: உங்கள் நாய்க்குட்டி உணவை இரண்டு மாதங்களாக வாங்கிவந்த வாடிக்கையாளர்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: சுவையூட்டித் தூளில் வெங்காயம் கலந்திருப்பதும், அதுபற்றி உங்கள் உதவி எண்ணில் தரப்பட்ட தவறான பதிலும்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

உங்கள் குட்டி உணவுப் பையோடு இலவசமாக வந்த சுவையூட்டித் தூளைப் பிரித்ததும் வெங்காய வாசனை அடித்தது. உறையில் 'இயற்கைக் காய்கறித் தூள்கள்' என்று மட்டுமே இருந்தது. வெங்காயம் நாய்க்கு ஆகாது என்று எப்போதோ காதில் விழுந்திருந்ததால், கொடுப்பதற்கு முன்பே உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். பேசியவர் பொறுமையாகத்தான் பேசினார். "வெங்காயத் தூள் இருக்கிறது. பச்சையாகக் கொடுத்தால்தான் கெடுதல். இது வேகவைத்து உலர்த்தியது, அளவும் குறைவு, தைரியமாகக் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன்.

என் முதல் புகார் அந்தப் பதிலைப் பற்றியது. தூள் அதற்கு அடுத்ததுதான். என் மூக்கு சரியாக எச்சரித்தும், உங்கள் ஆள் பயப்பட வேண்டாம் என்றார். நான் மூக்கை விட்டுவிட்டு அவரை நம்பினேன்.

எங்கள் குட்டியின் பெயர் பொட்டு. வயது நான்கு மாதம், எடை 3 கிலோ. உறைக்குள் இருந்த கரண்டியால் காலை ஒன்று, மாலை ஒன்று என்று உணவின்மேல் தூவினேன். அது தட்டை நக்கி நக்கிச் சாப்பிட்டது. எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நான்காம் நாள் பாதி உணவை மிச்சம் வைத்தது. பல் முளைக்கும் வயது, ஈறு வலிக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். ஆறாம் நாள் காலை, கழுத்துப்பட்டையை எடுத்த சத்தம் கேட்டும் எழுந்து வரவில்லை. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போயிருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு காகிதம்போல வெளுத்திருந்தது. படுத்த நிலையிலேயே மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

கால்நடை மருத்துவர் ஈறைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வெங்காயமோ பூண்டோ ஏதாவது சாப்பிட்டதா?" என்பதுதான். ஒரு சொட்டு இரத்தத்தைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தவர், என்னையும் அழைத்துக் காட்டினார். சிவப்பணுக்களின் ஓரத்தில் கொப்புளம்போல ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. அவற்றை ஹைன்ஸ் துணுக்குகள் என்கிறார்கள். வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் உடலுக்குள் போனதும் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றம் செய்து கெடுக்கின்றன. கெட்டது கட்டிதட்டி அப்படித் துருத்துகிறது. அந்த அணுக்கள் உடைகின்றன, அல்லது உடலே அவற்றைப் பழுதென்று கழித்துவிடுகிறது. நமக்குப் பழுது செய்யாத அளவு நாய்க்குச் செய்துவிடுகிறது. பூனைக்கு இன்னும் மோசம்.

உங்கள் ஊழியர் சொன்ன 'வேகவைத்தது' என்ற சமாதானம் இங்கேதான் உடைகிறது. வேகவைத்தாலும் வறுத்தாலும் உலர்த்தினாலும் இந்த நச்சுத்தன்மை போவதில்லை. உலர்த்தும்போது போவது தண்ணீர்தான். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால், 1 கிராம் தூள் ஏறத்தாழ 8 முதல் 9 கிராம் பச்சை வெங்காயத்துக்குச் சமம். ஆபத்தைக் குறைத்ததாக நீங்கள் சொல்லும் செயல், அதைச் சுருக்கிக் கரண்டிக்குள் அடைத்திருக்கிறது.

'அளவு குறைவு' என்பதையும் பார்ப்போம். உங்கள் கரண்டியைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தேன்: ஒரு கரண்டிக்கு 4 கிராம். அதில் கால் பங்கு வெங்காயத் தூள் என்று, நான் முன்பு எழுதியதற்கு வந்த உங்கள் பதில் கடிதமே ஒப்புக்கொள்கிறது. ஆக நாளொன்றுக்கு 2 கிராம் தூள், அதாவது 16 கிராமுக்குக் குறையாத வெங்காயம். உடல் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் ஒரே வேளையில் வெங்காயம் தின்ற நாய்களுக்கு நச்சு ஏறுவதைக் கால்நடை மருத்துவ நூல்கள் பதிவு செய்கின்றன. 3 கிலோ குட்டிக்கு அது 15 கிராம். பொட்டு அதை இரண்டு வேளையாகப் பிரித்துத் தின்றது என்பது உண்மைதான். ஆனால் சிறுகச் சிறுகத் தொடர்ந்து கொடுத்தாலும் இதே கேடுதான். அது ஐந்து நாளில் ஏறத்தாழ 80 கிராம் தின்றிருக்கிறது. வளர்ந்த பெரிய நாயை மனத்தில் வைத்துக் கரண்டியை வடிவமைத்துவிட்டு, அதைக் குட்டி உணவுப் பைக்குள் போட்டவர் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இதற்கு முறிமருந்து கிடையாது. தின்ற ஓரிரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோயிருந்தால் மருத்துவர் வாந்தி எடுக்க வைத்திருப்பார். ஆனால் சிவப்பணு குறைந்து ஈறு வெளுக்கச் சில நாட்கள் ஆகும் என்பதால் எங்களுக்கு அந்த வாய்ப்பே இருக்கவில்லை. முதல் வேளையிலேயே வாந்தி எடுத்திருந்தால் நான் அன்றே நிறுத்தியிருப்பேன். பொட்டுக்கு இரத்தம் ஏற்றினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு இரவு நான் மருத்துவமனை நாற்காலியில் இருந்தேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இதையெல்லாம் எழுதியதற்கு உங்களிடமிருந்து வந்த பதிலில், "ஒவ்வொரு நாயின் உடல்வாகும் வேறுபடும்" என்று ஒரு வரி இருந்தது. ஆறுதலாக அதே தூளில் இன்னோர் உறையும் இருந்தது! அதை இக்கடிதத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உடல்வாகு பற்றி நீங்களே பேச்செடுத்ததால் ஒன்று சொல்கிறேன்: உங்கள் உறையில் சிரித்துக்கொண்டிருக்கும் ஷிபா இனு, அகிட்டா போன்ற ஜப்பானிய இனங்களில் சில நாய்களுக்குப் பரம்பரையாகவே வெங்காய நச்சு மற்ற நாய்களைவிட எளிதில் ஏறும். படத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தயாரிப்பைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாய்களுக்கு வெங்காயம் கொடுத்தால் இரத்தசோகை வரும் என்பது 1930-ஆம் ஆண்டிலேயே ஆய்வாக அச்சாகிவிட்ட செய்தி.

இந்தத் தூளை விற்பனையிலிருந்து திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு, கொடுப்பதை உடனே நிறுத்தும்படியும், ஈறு வெளுத்தாலோ சிறுநீர் கறுத்தாலோ காத்திராமல் மருத்துவரிடம் போகும்படியும் நேரடியாக எழுதுங்கள். 'விரைவில் பூண்டுச் சுவையில்' என்று பை முதுகில் அச்சிட்டிருக்கிறீர்களே, அதையும் கைவிடுங்கள். பூண்டும் வெங்காயத்தாளும் அதே குடும்பம்தான். உதவி எண்ணில் பேசுபவர்களின் கையில் இருக்கும் பதில் தாளைத் திருத்துங்கள். என்னிடம் பேசிய அந்த இளைஞரைத் தண்டிக்க வேண்டாம், அவர் எழுதிக் கொடுத்ததைத்தான் படித்தார். சிகிச்சைச் செலவின் ரசீதுகளை இணைத்துள்ளேன். அதை நீங்கள் ஏற்க வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், இரத்தப் பரிசோதனை அறிக்கையுடனும் உங்கள் பதில் கடிதத்துடனும் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பை அணுகுவேன். திறந்த உறையையும் கரண்டியையும் சோதனைக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பொட்டுவின் வீட்டார்

இணைப்பு: மருத்துவ அறிக்கை, ரசீதுகள், பிரிக்கப்படாத சுவையூட்டி உறை ஒன்று