எர்த் போட்ட பிறகு கை வை

அன்பு மகன் செல்வத்துக்கு, அப்பா எழுதுவது.

வேதாரண்யம் பக்கம் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். போனில் பேசினால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று முடித்துவிடுவாய். தாளில் எழுதினால் மழைக்கு ஒதுங்கி நிற்கிற நாளிலாவது எடுத்துப் படிப்பாய்.

ஆர்டரில் களப்பணி உதவியாளர் என்று இருந்தாலும் முதல் நாளிலிருந்தே ஊர் உன்னை லைன்மேன் என்றுதான் கூப்பிடும். வாரியத்தின் பேர் 2010-லும் மாறியது, 2024-லும் மாறியது. சனங்களுக்கு இன்றைக்கும் அது ‘இபி’தான். அது மாதிரிதான் இதுவும். அந்தப் பேரை நம்பி முதல் வாரமே கம்பத்தில் ஏறிக் காட்டாதே. ஐடிஐ-யில் இரண்டு வருஷம் நீ படித்தது வயரிங்கும் மோட்டாரும். லைன் வேறு பாடம்.

முதல் மாதம் நட. ஒரு நோட்டு வாங்கிக்கொள். உங்கள் பிரிவுக்கு எந்தெந்த சப்ஸ்டேஷனிலிருந்து எந்தெந்த ஃபீடர், அதாவது மெயின் லைன், வருகிறது, லைனைக் கம்பத்திலேயே துண்டிக்கிற ஏபி சுவிட்ச் எந்தக் கம்பத்தில் இருக்கிறது, அதைத் திறந்தால் எது வரைக்கும் சப்ளை போகும், எந்த டிரான்ஸ்ஃபார்மர் 63, எது 100, எது 250 கேவிஏ திறன் என்று கையால் படம் போட்டு எழுது. ஒரே கம்பத்தில் மேலே 11,000 வோல்ட் ஹெச்டி, கீழே வீடுகளுக்குப் போகிற எல்டி ஓடுகிற இடம், ஒரு ஃபீடரை இன்னொரு ஃபீடர் குறுக்கே தாண்டுகிற இடம், ஒரே தெருவில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரின் எல்டி வந்து முடிகிற கம்பம், இவற்றைச் சிவப்பு மையில் குறி. ஜெனரேட்டர் வைத்திருக்கிற கல்யாண மண்டபம், ஐஸ் கம்பெனி, கூரையில் சோலார் போட்ட வீடு எல்லாம் அதே நோட்டில் வரட்டும். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது எல்சி. உன் உயிர் இருப்பது இந்த ‘லைன் கிளியர்’ என்கிற இரண்டு வார்த்தைக்குள்தான். பொறுப்பான ஒருவர் சப்ஸ்டேஷன் ஆபரேட்டரிடம் ஃபீடர் பேரைச் சொல்லிக் கேட்பார். ஆபரேட்டர் பிரேக்கரை ஆஃப் செய்து, ஐசொலேட்டரைத் திறந்து, பூட்டி, போர்டு மாட்டி, பதிவேட்டில் எழுதி, எல்சி கொடுத்ததாகத் திருப்பிச் சொல்வார். ஃபீடர் பேரை இரண்டு பக்கமும் முழுசாகச் சொல்ல வேண்டும். ‘கிழக்கு’, ‘மேற்கு’ என்ற ஒற்றை வார்த்தை போனில் விழுங்கப்பட்டால் ஒரு ஃபீடர் ஆஃப் ஆகும், நீ இன்னொன்றில் ஏறிக்கொண்டிருப்பாய். ‘பதினோரு மணிக்கு ஆஃப் பண்ணிடுவாங்க, நீ ஏறு’ என்று யார் சொன்னாலும் ஏறாதே. நேரத்தை வைத்து எல்சி கிடையாது. வாங்கியவரே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே ஃபீடரில் இரண்டு கேங் வேலை செய்தால் இரண்டு எல்சி. இரண்டும் திரும்பி வந்த பிறகுதான் சார்ஜ், அதாவது மறுபடி சப்ளை.

எல்சி கிடைத்துவிட்டால் லைனில் சப்ளை இல்லை என்று நினைப்பாய். இல்லை தம்பி, பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

வேலை நடக்கிற இடத்துக்கு வந்து ஏபி சுவிட்சைத் திற. அதற்கு முன்னால் அந்தச் சுவிட்சுக்குக் கீழே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரின் எல்டி ஃபியூஸ்களை எடுத்து லோடைக் குறை. சப்ளை இருக்கும்போது லோடோடு திறந்தால், கத்தி போய் உட்காருகிற வாய்ப்பகுதியில் நெருப்பு பிடிக்கும். கைப்பிடியை இழுத்தாயிற்று என்று திரும்பாதே, அண்ணாந்து பார். மூன்று கத்தியும் தனித்தனியாக விலகியிருக்கிறதா? ராடு தளர்ந்திருந்தாலோ வாய் எரிந்து ஒட்டியிருந்தாலோ இரண்டு விலகும், ஒன்று அப்படியே நிற்கும். கீழே நிற்பவனுக்குக் கைப்பிடி இறங்கினது மட்டும்தான் தெரியும். இன்னொன்று: எல்சி வாங்காவிட்டால், சுவிட்ச் திறந்த பிறகும் லைன் பக்கத்து வாயில் சப்ளை இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் ஸ்ட்ரக்சரில் ஏறி ஹெச்டி பக்கத்து ஹெச்ஜி ஃபியூஸ் கட்டுகிறவன் தலைக்கு மேலே அந்த மூன்று முனையும் சும்மா தொங்குகிற மாதிரி தெரியும். கை நீட்டி நிமிர்ந்தால் எட்டுகிற தூரம்தான். அந்த ஃபீடருக்கே எல்சி இல்லாமல் அங்கே ஏறாதே. சுவிட்ச் கைப்பிடிக்குப் பூட்டுப் போடு. பூட்டு இல்லையென்றால் ஒரு ஆள் அங்கேயே நிற்கட்டும்.

அடுத்தது எர்த் ராடு, லைனை மண்ணோடு சேர்க்கிற குச்சி. வரிசை முக்கியம். முதலில் தரையில் இறக்குகிற முளையை ஈரமண் பார்த்து இரண்டடியாவது அடித்து, ஒயரை அதில் முறுக்கு. அப்புறம்தான் குச்சியால் ஒவ்வொரு கம்பியிலும் கொக்கியை மாட்டு. கழற்றும்போது தலைகீழ்: கம்பியிலிருந்து எடுத்த பிறகு தரை. மாற்றிச் செய்தால் லைனில் மிச்சமிருக்கிற சார்ஜ் உன் கை வழியாகத்தான் மண்ணுக்குப் போகும். மூன்று கம்பியிலும் மாட்டு. வேலை செய்கிற கம்பத்துக்கு இரண்டு பக்கமும் மாட்டு, நீ இருக்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்.

ஏன் இரண்டு பக்கம்? எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாது என்பதால்தான். சப்ஸ்டேஷன் ஒரு பக்கம்தானே என்பார்கள். மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போடுகிறவன் மெயின் சுவிட்சை மாற்றாமல் போட்டால், அந்த எல்டி கரண்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் கீழிருந்து ஏறும். டிரான்ஸ்ஃபார்மருக்கு மேல் கீழ் தெரியாது. மேலே 11,000 கொடுத்தால் கீழே 433 தருகிற அதே பெட்டி, கீழே 433 கொடுத்தால் மேலே 11,000 தரும். இதற்குத்தான் அந்த நோட்டு. பக்கத்தில் இன்னொரு லைன் கூடவே ஓடினால் அதன் தூண்டல் வரும். பத்து மைல் தள்ளி மின்னல் அடித்தாலும் கம்பி வழியே வரும். எர்த் இருந்தால் மூன்று பேஸும் அங்கேயே ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும், பிரேக்கர் விழும், நீ இருப்பாய்.

தலைக்கவசத்தில் மாட்டுகிற பீப் கருவி நல்லதுதான், மாட்டிக்கொள். அதன் பேட்டரி தீர்ந்தாலும் சத்தம் வராது, சப்ளை இல்லாவிட்டாலும் சத்தம் வராது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

எல்டி-யை இளக்காரமாக நினைக்காதே. ‘240 தானே, ஒரு உதறு உதறும்’ என்று பெருமையாகச் சொல்கிற ஆட்கள் உன் பிரிவிலும் இருப்பார்கள். வேர்த்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் என்று வை. கணக்குப் போட்டால் 240 மில்லி ஆம்பியர் வரும். நெஞ்சு வழியாக 30 மில்லி ஆம்பியர் போவதே ஆபத்து. புறங்கையால் தொட்டுப் பார்ப்பதை ஒரு வித்தை மாதிரி உனக்குக் கற்றுக்கொடுப்பார்கள். கற்றுக்கொள்ளாதே. டெஸ்ட் லாம்ப் வைத்துக்கொள். இரண்டு பேஸுக்கு நடுவே பார்க்க இரண்டு பல்பை சீரிஸில் கட்டியது. சோதிக்கும் முன்னும் பின்னும் சப்ளை இருக்கிற இடத்தில் ஒரு தடவை எரிகிறதா என்று பார். பல்பு போயிருந்தால் லைன் போனது மாதிரியே தெரியும்.

சர்வீஸ் ஒயரைக் கழற்றும்போது பேஸ் முதலில், நியூட்ரல் கடைசியில். கட்டும்போது நியூட்ரல் முதலில். மூன்று பேஸ் போகிற எல்டி-யில் நியூட்ரல் மட்டும் அறுந்தால், லோடு குறைவாக இருக்கிற வீட்டில் வோல்டேஜ் 240-ஐத் தாண்டி 400 பக்கம் ஏறும். டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் வரிசையாகப் போகும். எஃப்ஓசி என்கிற சப்ளை போன புகாரில் ‘பாதி வீட்டில் மங்கல், பாதி வீட்டில் பல்பு வெடிக்குது’ என்று வந்தால் பேஸைத் தேடாதே, நேராக நியூட்ரல் ஜாயிண்டைப் பார்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று ஊர்க்காரர்கள் நச்சரிப்பார்கள். அலுமினியக் கம்பியில் ஒரு இழையைப் பிரித்துக் கட்டிவிட்டு வராதே. 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் எல்டி பக்கம் ஒரு பேஸுக்கு 133 ஆம்பியர்தான் கணக்கு. ஃபியூஸ் போகவில்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கிற காயில் எரிந்து போகும். அப்புறம் அந்த ஊர் மூன்று நாள் இருட்டில் கிடக்கும். அன்றைக்கும் திட்டு உனக்குத்தான்.

கம்பத்தில் ஏறுவதற்கு முன் அடியைப் பார். சிமெண்ட் கம்பத்துக்குள் இறுக்கிய இரும்புக் கம்பி ஓடுகிறது. உப்புக்காற்றில் அது துருப்பிடித்து உப்பி, சிமெண்டை நீளவாக்கில் பிளக்கும். தரை மட்டத்தில் விரல் வைத்துத் தடவு. வெடிப்பில் துருக்கறை ஒழுகியிருந்தால் ஏறாதே, ஏணி வை, அல்லது கம்பத்தைக் கயிற்றால் மூன்று பக்கம் இழுத்துக் கட்டச் சொல். எட்டு, ஒன்பது மீட்டர் கம்பம் ஒன்றரை மீட்டர் மண்ணுக்குள் இருக்க வேண்டும். மணல் அரித்து அது மூன்றடியாகக் குறைந்திருக்கிற இடம் அந்தப் பக்கம் நிறைய.

இதைத் தனியாகச் சொல்லணும்: கம்பத்தில் இருந்துகொண்டு இழுவையில் இருக்கிற கம்பியை ஒரு பக்கம் மட்டும் வெட்டாதே. இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டிருப்பதால்தான் கம்பம் நேராக நிற்கிறது. ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் முழு பலத்தோடு இழுக்கும். அடி பழசாக இருந்தால் கம்பம் உன்னோடு சாயும். பெல்ட் போட்டிருக்கிறாய் என்பதால் குதிக்கவும் முடியாது. முதலில் எதிர்ப்பக்கம் தற்காலிக ஸ்டே, அதாவது கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பி, கட்டு. பிறகு கம்பியைக் கயிற்றில் பிடித்து மெதுவாகத் தளர்த்து. ஸ்டே கம்பியில் முட்டை மாதிரி ஒரு பீங்கான் இருக்கும், அது தரையிலிருந்து மூன்று மீட்டருக்கு மேலே இருக்கணும். கீழே இறக்கிக் கட்டியிருந்தால் மாட்டை ஸ்டேயில் கட்டுகிறவனும் மாடும் சேர்ந்து போவார்கள்.

உன் ஊரின் தனி வியாதி உப்பு. உப்பளத்துக் காற்று, கம்பியைத் தாங்குகிற பீங்கான் பின் இன்சுலேட்டரில் மெல்லிய தோலாகப் படியும். காய்ந்திருக்கும் வரை தொந்தரவு இல்லை. மார்கழிப் பனியில் அது நனைந்தால் பீங்கான் மேலேயே கரண்ட் ஊர்ந்து ஓடும். விடியற்காலை நான்கு மணிக்கு லைனுக்கடியில் நின்று கேள், சட்டியில் அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம் வரும், இருட்டில் நீலமாகப் பொறி தெரியும். அந்தக் கம்பத்தின் எண்ணை எழுதிக்கொண்டு வந்து எல்சி நாளில் துடை, வெடித்திருந்தால் மாற்று. அந்த நேரத்தில் ஈரக்கம்பத்தையோ ஸ்டேயையோ தொடாதே. லைனில் ஓடுகிற 7/3.35 ஏசிஎஸ்ஆர் கம்பியில் ஆறு அலுமினிய இழைக்கு நடுவில் ஒரு இரும்பு இழை. உப்பு உள்ளேயிருந்துதான் தின்னும். வெளியே பளபளவென்று இருக்கும். இழை உப்பியிருக்கிற இடத்தைத் தேடு.

புயல் வரும். 2018 நவம்பர் 16-ல் கஜா உங்கள் ஊர்ப் பக்கம்தான் கரையேறியது, மாவட்டங்கள் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேலே கம்பம் சாய்ந்தது. அப்படிப்பட்ட நாளில் வெளியூர் கேங் வரும். அவர்களுக்கு உன் ஃபீடர் தெரியாது, உன் நோட்டு அவர்களுக்கும் உதவும். வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் ஓடும். தரையில் கிடக்கிற ஒவ்வொரு கம்பியையும் சப்ளை இருப்பதாகவே நினை. தூக்கமில்லாத மூன்றாவது நாள்தான் எர்த் போட மறக்கிற நாள். அன்றைக்குக் கூட இருப்பவனை ‘போட்டியா’ என்று கேள், அவனையும் உன்னைக் கேட்கச் சொல்.

யாருக்காவது கரண்ட் அடித்துவிட்டால் ஓடிப்போய்ப் பிடிக்காதே. சப்ளையை வெட்டிய பிறகுதான் தொடு. மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு அங்குலம் இறங்குகிற மாதிரி, நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை அழுத்து. முப்பதுக்கு இரண்டு மூச்சு. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதே. இதை அலுவலகத்தில் எல்லோரும் தலையணை வைத்தாவது ஒரு நாள் பழகுங்கள்.

இடுப்பில் இருக்கிற வெள்ளி அரைஞாணைக் கழற்றி வை, கறுப்புக் கயிறு கட்டிக்கொள். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். காப்பு, மோதிரமும் வேண்டாம். கையுறையைத் தினமும் விளிம்பிலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்துக் காதோரம் வை. ஊசித் துளை இருந்தாலும் ஸ்ஸ் என்று கேட்கும். பைக் சீட்டுக்கடியில் ஸ்பானரோடு திணித்து வைக்காதே.

உனக்குக் கொடுத்த பெல்ட்டின் கொக்கியையும் தையலையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. கையுறை விளிம்பில் கிளாஸ் என்று ஒரு எண் அச்சடித்திருக்கும்; 0 என்றால் 1,000 வோல்ட், 2 என்றால் 17,000 வோல்ட். அது என்ன என்று எழுது. ஷூ சைஸ் எட்டா ஒன்பதா என்பதையும் சேர்த்து எழுது.

அப்பா